மூன்றாவது கம்பி

ஜூன் 9, திங்கள்

மாடிப்படியின் மேல் ஸ்விட்ச் கெட்டு மூன்று வாரம். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் இன்று கழற்றினேன். பின்னால் இரண்டு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று. மூன்றும் சிவப்பு. எந்தப் புண்ணியவான் இழுத்தானோ! கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு ஸ்விட்சில் எரிகிற டூ-வே. நான் வாங்கி வந்தது சாதாரண ஸ்விட்ச். மறுபடி கடைக்கு யார் நடப்பது? இரண்டு கம்பியை மாட்டினேன், மூன்றாவதற்கு டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். எரிந்தது. கீழ் ஸ்விட்சை யாரும் தொடாதபடி அதன்மேலும் டேப்.

“இதுக்குத்தான் இன்ஜினியருக்குப் படிச்சியா?” என்றாள் அம்மா.

“எரியுதுல்ல? ஞாயித்துக்கிழமை சரியானதைப் போடுறேன்.”

ஜூன் 15, ஞாயிறு

தூங்கிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

அம்மா விழுந்துவிட்டாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஜன்னல் இல்லாத படிக்கட்டு. மேல் ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள், எரியவில்லை. பத்துப் படி. இடுப்பெலும்பு முறிவு. நாளை ஆபரேஷன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது சித்திதான். பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்த பத்து வருடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பேசியதே இல்லை. அம்மாவும் சித்தியும் மட்டும் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பேசிக்கொள்வார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மாவின் தலை சித்தியின் மடியில் இருந்ததாம்.

ஏன் எரியவில்லை? நேற்றுவரை எரிந்ததே?

ஜூன் 20, வெள்ளி

மேலும் கீழும் இரண்டு ஸ்விட்ச் பெட்டிகளையும் திறந்தேன். கீழ்ப் பெட்டியிலிருந்து இரண்டு கம்பி நேராக மேலே போகவில்லை. பாகச் சுவருக்குள் நுழைந்து சித்தப்பா வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறது. வீடு ஒன்றாக இருந்தபோது படிக்கட்டின் நடுவில் ஒரு நடைவழி இருந்தது. அங்கே மூன்றாவதாக ஒரு ஸ்விட்ச். அந்த நடை இப்போது அவர்கள் பக்கம்.

காகிதத்தில் வரைந்து பார்த்தேன். மேலே டூ-வே இருந்திருந்தால் அவர்கள் எத்தனை முறை தட்டினாலும் நம் ஸ்விட்சில் விளக்கு எரியும். நான் ஒரு கம்பியை விட்டுவிட்டதால், அவர்கள் ஒருமுறை தட்டினாலே மேல் ஸ்விட்ச் செத்துவிடும்.

நான்தான். வேறு யாருமில்லை.

அப்பா பின்னால் வந்து நின்றார். “கம்பி ஏன்டா அந்தப் பக்கம் போகுது?”

“அங்க ஒரு ஸ்விட்ச் இருக்குப்பா. அதைத் தட்டினா நம்ம லைட்...”

மீதியைக் கேட்க அவர் இருக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் அவர்கள் வாசலில் போய் நின்றார். “என் பொண்டாட்டி விழுந்து சாகட்டும்னுதானேடா அணைச்ச?”

“அண்ணா, அது எதுக்குன்னே எங்களுக்குத் தெரியாது. தூசி தட்டும்போது யாராவது...”

“நடிக்காத!”

தெருவே வேடிக்கை பார்த்தது. நான் டெஸ்டரும் கையுமாக நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஜூன் 22, ஞாயிறு

சித்தி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அப்பா வராந்தாவிலேயே மறித்து, “படுக்கவச்சது போதாதா?” என்றார். சித்தி திரும்பினாள். லிஃப்ட் வரும்வரை முதுகைக் காட்டியபடியே நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

இன்று சொல்லியிருக்கலாம். நாளை சொல்லலாம். சீ.

ஜூன் 26, வியாழன்

சித்தப்பா எலக்ட்ரீஷியனை வைத்து அந்தக் கம்பிகளை வெட்டி, துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டார். லீவு போட்டு நம் பக்கமே புது லைன் இழுத்தேன். இரண்டு முனையிலும் சரியான ஸ்விட்ச். ஏறி இறங்கி நாற்பது தடவை போட்டுப் பார்த்தேன். பிரமாதமாக எரிகிறது. யாருக்கு வேண்டும்?

ஜூன் 29, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். படத்தை வரைந்தே காட்டினேன். ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

“நடந்தது நடந்துபோச்சு. இனிமே அவன்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே.”

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஜூலை 5, சனி

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழ் அறையில் கட்டில். நாலு கால் வாக்கரைப் பிடித்து எட்டு அடி நடந்தாள். மாடி ஏறக் கூடாது, ஒருவேளை இனி எப்போதுமே, என்கிறார் டாக்டர். அப்படியானால் கைப்பிடிச் சுவர்ப் பேச்சும் போயிற்று.

“உன் சித்தி ஒரு எட்டு வந்து பாக்கலையேடா. நான் என்ன தப்புப் பண்ணேன்?”

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஸ்விட்ச், தெருச்சண்டை, கஞ்சி, எல்லாம். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. “மொதல்ல அவளைக் கூட்டிட்டு வா” என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். சித்தி பாதிக் கதவைத்தான் திறந்தாள். நான் ஆரம்பிக்கும் முன்பே, “தெரியும்டா. வயரை வெட்டினப்பவே எலக்ட்ரீஷியன் சொன்னான். மேல தப்பான ஸ்விட்ச் போட்டாத்தான் இப்படி ஆகும்னு” என்றாள்.

“அப்புறம் ஏன் சித்தி யார்கிட்டயும் சொல்லல?”

“நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அன்னிக்குத் தெருவுல நின்ன. ஆஸ்பத்திரியிலயும் நின்ன.”

“அம்மா உங்களைப் பாக்கணுங்கறாங்க.”

“அக்காமேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா உங்க வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். போ.” தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தால், அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தானே தலை வாரியிருந்தாள். பக்கத்தில் நாற்காலி, அதன்மேல் துவைத்த துண்டு.

“வரமாட்டாங்களாம்மா.” மழுப்பத் தோன்றவில்லை.

அம்மா தலையாட்டினாள். சீப்பில் சிக்கியிருந்த முடியை இழுத்து, விரலில் சுருட்டி, உருண்டையாக்கி, எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். எழுந்து போக முடியாதே. கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.