நான் காட்டிய பாறை

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். காலையிலிருந்து கருங்கல் பலகையைத் தண்ணீர் ஊற்றி அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈரக் கல்தூளின் வாசனை ஜன்னல் வழியாக வீடு முழுக்கப் பரவியது. மருமகள் போய்ச் சாத்தினாள். நீங்கள் போய் இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. உங்கள் சட்டைகளைக்கூட யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் அந்த வாசனை வந்ததும், வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றுகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் உங்கள் உடம்பில் இருந்த வாசனை அது. அதனால்தான் எழுதுகிறேன். பிரியத்தினால் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்றார்கள். உண்மைதான். மெதுவாகப் பேசித்தான் எல்லாவற்றையும் சாதித்துக்கொண்டீர்கள். முதலில் என்னிடமிருந்து, பிறகு என்னைப் பெற்ற நைனாவிடமிருந்து.

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபோது என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உங்கள் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சீர் கொண்டாருவான்னு பாத்தா கல்லு இல்ல கொண்டாந்துக்கீறா!" என்று கூடத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள். காக்காப்பொன் ஏடு ஏடாக ஒட்டியிருந்த கல், பால்கட்டி போன்ற வெங்கச்சங்கல், மாதுளை முத்துக்களைப் பதித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள் ஓடிய ஒன்று.

"இதெல்லாம் எங்க பொறுக்கின?"

"எங்க கொல்லையிலதான். பின்னால ஒரு பாறை இருக்குது. மழை பேஞ்சு நின்னதும் போனா, கழுவி வெச்ச மாரி கெடக்கும்."

வல்லம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வேர்க்கடலைக் கொல்லை. ஏர் ஓட்டும்போது கொழுவில் வித்தியாசமாக ஒரு கல் தட்டுப்பட்டால் நைனா ஏரை நிறுத்திவிட்டு அதை எடுத்துத் துண்டில் முடிந்துகொள்வார். சாயங்காலம் வந்து முடிச்சை அவிழ்த்து, "இந்தாம்மா, இன்னிக்கு உன் வைரம்" என்று கையில் வைப்பார். அந்த டப்பாவில் இருந்ததில் பாதி, அவர் எனக்குக் கொண்டுவந்தது. இதையும் அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். புதுப்பெண், எதைத்தான் சொல்லாமல் இருப்பேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் நானும் கல் பொறுக்கப் போனோமே, அந்த ஒரு வருஷத்தை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை, அதனால் அதைத்தான் அதிகமாக வெறுக்கிறேன். கோட்டை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நடப்பார்கள், நாம் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்போம். தளவானூருக்குப் பஸ்ஸில் போய், குகைக்கோயிலுக்குள் போகாமல் வெளியே வெயிலில் கல் தேடியதைப் பார்த்து ஒரு பெரியவர் நம்மிடம், "இன்னா தொலைச்சீங்க?" என்று கேட்டார். தானும் தேடித் தருவதாக அவர் குனிந்தபோது நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ரோடு கான்ட்ராக்டரிடம் மேற்பார்வை வேலை உங்களுக்கு. நாளெல்லாம் ஜல்லியோடு கிடந்துவிட்டு வந்த மனிதர் எனக்காக மறுபடியும் கல்லைத் தேடி நடக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். என் பைத்தியத்தைப் பைத்தியம் என்று சொல்லாத ஒரே ஆள் நீங்கள் என்று நம்பினேன்.

டப்பாவில் ஒரு கறுப்புக் கல் இருந்தது. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. கனமாக இருக்கிறதே என்று வைத்திருந்தேன். நீங்கள் திரும்பத் திரும்ப அதையே எடுத்தீர்கள். அடுத்த முறை நைனா வீட்டுக்குப் போனபோது, "அந்தக் கறுப்புக் கல்லு எடுத்த எடத்தைக் காட்டு மே" என்றீர்கள். கூட்டிக்கொண்டு போனேன். பாறையின் பின்பக்கம் புதரை விலக்கி உங்கள் சுத்தியால் தட்டினீர்கள். கணீரென்று கேட்டது.

"வெடிப்பே இல்ல மே. அடிவரைக்கும் ஒரே கல்லு. உன் கண்ணுக்கு மட்டும் எப்டி ஆப்டுது?"

அந்தப் பாராட்டில் அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வேர்க்கடலை விதைப்பதற்குள் அந்தப் பாறையைக் கான்ட்ராக்டர் ஏலத்தில் எடுத்துவிட்டார். நீங்கள் அவருக்குக் கூட்டாளி ஆனீர்கள். எனக்கு அது ஊரார் சொல்லித்தான் தெரியவந்தது. "எங்க பாறையவா?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாறை கவர்மென்ட்டோடது. உங்க நைனா வாங்கிப் போட்டதா?" என்றீர்கள். குரலில் கோபம்கூட இல்லை.

லாரி போக நைனாவின் கொல்லை வழியாகப் பாதை வேண்டியிருந்தது. கேட்க நீங்களே வந்தீர்கள். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"கெணறு பக்கத்துலயே இருக்குது மாப்ள. வெடி வெச்சா தாங்குமா? ஆளுங்க வேற வேலை செய்யுவாங்க."

"சின்ன வெடிதான் மாமா. முன்னாடியே விசில் அடிச்சு எல்லாரையும் அப்பால அனுப்பிட்டுதான் வெப்போம். நான் இருக்கறன்ல?"

பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்? பாதை விட்டார். காய்த்துக்கொண்டிருந்த ஒரு புளியமரத்தையும் வெட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு, நைனா வீட்டுக்கு வந்திருந்த நான் அவருக்குக் கூழ் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போயிருந்தேன். கிணற்று மேட்டில் பாத்திரத்தை இறக்கி வைத்தேன். அவர் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார். "வெங்காயம் கொண்டாந்தியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பூமி குலுங்கியது. மேலே பறந்த கற்கள் முதலில் காக்கைக் கூட்டம்போலத் தெரிந்தன. பிறகு இறங்கின. ஒன்று அவருடைய இடுப்பில் விழுந்தது. அவர் கத்தவில்லை. மடையின் குறுக்கே சாய்ந்தார், தண்ணீர் அவர்மேல் ஏறி ஓடியது. நான்தான் கத்தினேன். நீங்கள் பாறைமேல் நின்று எட்டிப் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் நான்.

"விசிலு நல்லா அடிச்சோம் சார். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

கொல்லையின் அந்தக் கோடியில் கிளி இறங்கும் சத்தத்துக்கே இந்தக் கோடியிலிருந்து விரட்டுபவர் என் நைனா.

"யாரும் விசில் அடிக்கல சார்," என்றேன். "நான் அங்கதான் இருந்தேன். எனக்கும் காது மந்தமா?"

நீங்கள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தீர்கள். "பயந்து போயிக்கீது சார். இன்னா பேசுறோம்னே தெரியல அதுக்கு." அவரும் புன்னகைத்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். நான் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். அப்போது நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடும்மா. நீ அந்த வூட்லதான வாழணும்."

இரண்டு நாள் கழித்து நீங்கள் ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தீர்கள். அந்த வெடியில் பிளந்து வந்ததாம். தேங்காய்மூடிபோல் உள்ளே குழிந்து, அதற்குள் கண்ணாடிக் கூர்கள் அடர்ந்து நின்றன. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக மின்னியது. "உனக்குன்னுதான் எடுத்து வெச்சேன்," என்றீர்கள். நான் பார்த்ததிலேயே அழகான கல் அதுதான். அதைவிட அழகானதை அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. நைனா வலியில் முனகிக்கொண்டிருந்தார். அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டப் போனேன். ஊருக்குத் திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டேன். பஸ் ஏறிய பிறகு, "கல்லு எங்க?" என்று கேட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். நீங்கள் மறுபடி கேட்கவில்லை.

நைனா அதன்பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை. கோலை ஊன்றி, தரையைப் பார்த்தபடி நடந்தார். கிணறு வெடித்துத் தண்ணீர் அடியோடு இறங்கிப்போனது. கொல்லை கரம்பாயிற்று. நீங்கள் லாரி வாங்கினீர்கள், வீடு கட்டினீர்கள், வாசற்படிக்கு அந்தப் பாறையின் கறுப்புக் கல்லையே போட்டீர்கள். நான் பிள்ளைகளைப் பெற்றேன், உங்களுக்குச் சோறு போட்டேன், விருந்தாளிகள் முன்னால் சிரித்தேன். உங்களோடு கல் பொறுக்க மட்டும் வரவில்லை. டப்பாவை நைனா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். கடைசிக் காலத்தில் கட்டிலில் கிடந்தபடி அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த மழையில் கிடைத்தது என்று எனக்கே சொல்லுவார். உங்கள் பெயரை ஒருநாளும் எடுத்ததில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

பாறை இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் பெரிய பள்ளம்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். நான் உங்களுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"அன்னிக்கு விசில் அடிக்கல மே. லாரி வந்து நின்னுக்கிட்டு இருந்துது. அவசரம்."

"எனக்குத் தெரியும்."

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"நைனா கட்டில்ல கெடந்தாரே, அத்தினி வருசம். அவர்கிட்ட வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஓரத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்தேன். ஆரஞ்சைச் சாறாகப் பிழிந்து கரண்டியில் கொடுத்தேன், குடித்தீர்கள். அடுத்த நாள் தலை வாரிவிட்டேன். அதற்கடுத்த நாள் காலைப் பிடித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் என் வாயையே பார்த்தீர்கள்.

மறந்துவிட்டேன் என்றோ, சொல்ல நேரமில்லாமல் போயிற்று என்றோ நினைக்க வேண்டாம். அந்த வார்த்தையை நான் வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல உரிமை உள்ளவர் உங்களுக்கு முன்பே போய்விட்டார். அவருக்குப் பதிலாக அதைக் கொடுக்க எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.