சனிக்கிழமை மாத்திரையும் அரை மணி நேரமும்

பிப்ரவரி 5, திங்கள்

மருந்துக்கடையைச் சாத்தியாயிற்று, மதியச் சாப்பாடும் ஆயிற்று. வழக்கம்போல், சுவருக்குச் சுவர் கட்டித் தொங்கும் வலைத் தூளியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் எல்சி அம்மா வந்து எலும்பு மாத்திரைப் பெட்டியை என் முன்னால் போட்டார். அறுபத்திரண்டு வயது. போன வருஷம் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவர். சனிக்கிழமைதோறும் ஒரு மாத்திரை.

"இந்தா நிடியா, நீயே வச்சுக்கோ. நெஞ்சு தீயா எரியுது. கை ஒடிஞ்சா கட்டுப் போடலாம், நெஞ்சுக்கு எங்க கட்டுப் போடுறது?"

விழுங்கும்போது வலி இல்லையாம். இருந்தாலும், டாக்டரைப் பார்க்கும்வரை மாத்திரை வேண்டாம் என்றேன். பிறகு என் கேள்விகள். வெறும் வயிறா? ஆமாம். ஒரு தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரா? ஆமாம், காபிகூட அப்புறம்தான். அரை மணி நேரம் படுக்காமல் இருந்தாரா?

"உக்காந்துதான் இருந்தேன். வந்தப்போல்லாம் இதையே கேக்குறியே, நான் என்ன பொய்யா சொல்றேன்?"

பொய் சொல்கிற ஆள் இல்லை. பின்னே எதனால்?

பிப்ரவரி 8, வியாழன்

டாக்டர் பார்த்துவிட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, எரிச்சல் அடங்கியதும் மறுபடி தொடங்கலாம் என்றாராம். ஆனால் திரும்பவும் எரிந்தால் இந்த மாத்திரை கிடையாது. எல்சியின் அக்கா இடுப்பு ஒடிந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பயம் எல்சிக்கு உண்டு. வாய்தான் ஒத்துக்கொள்ளாது.

பிப்ரவரி 9, வெள்ளி

கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போட்டிருப்பாரோ? கேட்டேன், இல்லை. மண்டை காய்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேரே வீட்டுக்கே போய்விட்டேன். மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம்.

"சனிக்கிழமை செய்றத அப்படியே செஞ்சு காட்டுங்க. மாத்திரை மட்டும் வேணாம்."

முறைத்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தார். நேராகப் போய்த் தூளியில் உட்கார்ந்தார். முதுகு வளைந்து உள்ளே இறங்கியது, முழங்கால் மேலே வந்தது, முகவாய் நெஞ்சைத் தொட்டது. சுவரில் காலை உதைத்து ஆட வேறு ஆரம்பித்தார்.

"பாத்தியா? படுத்தேனா?"

வீட்டில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதில் பூப்போட்ட துணி விரித்து மாதா சிலை.

"என்ன பாக்குற? மாதாவ எழுப்பி விட்டுட்டு நான் உக்காரணுமா?"

சிரித்தேன். உடனே வெட்கமாகிவிட்டது. தண்ணி எவ்வளவுன்னு கேட்டேன், வயிறு காலியான்னு கேட்டேன், எதுல உக்கார்றீங்கன்னு ஒரு நாளாவது கேட்டேனா? எப்படித் தோணும்? நானும் இதுலதானே பொறந்தேன், இதுலதானே கெடக்கேன்! திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பினால், நானே 'உட்கார்ந்து எழுதுகிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்று சாப்பாட்டு மேசையில் எழுதுகிறேன், முதுகு வலிக்கிறது.

தூளியில் இப்படி மடங்கி உட்காருவதும் படுப்பதும் ஒன்றுதான், மாத்திரை வயிற்றிலிருந்து மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்று விளக்கிச் சொன்னதும் எல்சி யோசித்தார். "அப்போ அரை மணி நேரம் செவத்தப் பாத்து நிக்கவா?"

"சனிக்கிழமை சோளம் அரைக்க மில்லுக்குப் போவீங்களே, அங்க எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"அந்த வரிசையா? அரை மணிக்குக் கொறையாது. ஊர்க்கதை பேசினா முக்கால் மணி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 24, சனி

மறுபடி மாத்திரையைத் தொடங்கினார், விழுங்கிய கையோடு மில்லுக்கு. ஆறரைக்கு மில் பக்கம் எட்டிப் பார்த்தேன். வரிசையில் நிமிர்ந்து நிற்கிறார். குனிந்து தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், சோள வாளி அவர் கணவர் கையில். "வேவு பாக்க வந்தியா?" என்று கத்தினார்.

மார்ச் 2, சனி

எரியவில்லையாம். சந்தோஷத்தில் இரண்டு பேருக்கு மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன்.

மார்ச் 23, சனி

எல்சி அடுத்த பெட்டி வாங்க வந்தார். எரிச்சல் எப்படி என்றேன். "எந்த எரிச்சல்?" என்றார்.

அவருக்குப் பின்னால், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், அதே மாத்திரைக்கு டாக்டர் எழுதிய முதல் சீட்டோடு நின்றிருந்தார். நான் ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் எல்சி அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"வீட்ல நாற்காலி இருக்கா?"

"எதுக்கு? தூளி இருக்கே."

எல்சி என்னைப் பார்த்தார். "நீ மாத்திரைய எடு நிடியா. நான் சொல்லிக்கறேன்."