உமைமாவின் உயரம்

அன்புள்ள சாபிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? தண்டையார்பேட்டையில் மழை விட்டதா?

இங்கே ஆபீசில் ஒரு வேடிக்கை. ஒரு வீட்டுத் தோட்டத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். பலகை அடித்து, மண் நிரப்பி, உயர்த்திக் கட்டும் பாத்திகள். ஒன்று அந்த வீட்டின் ஐந்து வயதுச் சிறுமிக்கு. கை எட்டுமா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பொம்மையை நிறுத்த வேண்டும். எவ்வளவு உயரம் என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசிக்காமல் இரண்டடி ஏழு அங்குலம் என்று போட்டேன்.

நம் ராயபுரம் சைமன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா மாமு, அஞ்சு வயசுப் பொண்ணுன்ற, கைக்கொயந்த கணக்கா நிக்குது! இம்மாம் கீழயா பாத்தி போடுவ?"

நானும் சிரித்தேன். நாலு வருஷத்துக்கு முன் நான் வெளிநாடு கிளம்பிய அன்று வாசல் நிலையில் நம் உமைமாவுக்கு நீ கோடு போட்ட அளவு அது. கவலைப்படாதே, சைமன் சொன்ன அளவைப் போட்டுச் சரிசெய்துவிட்டேன்.

அவளை அதே வாசல் நிலையில் செருப்பில்லாமல் நிறுத்தி, உன் தையல் டேப்பால் அளந்து சொல். தினமும் வீடியோவில் பார்க்கிறீர்களே என்பாய். அதில் முகம்தான் தெரிகிறது. போனில் கேட்க வெட்கமாக இருந்தது.

சைமன் ஊருக்குக் கிளம்பிவிட்டான், கடிதத்துக்குக் கை நீட்டுகிறான். பழைய கோடு அங்கேயே இருக்கட்டும், அதன் மேல் பெயிண்ட் அடித்துவிடாதே.

அமான்