பொட்டு வைத்த வண்டியின் பிரேக்

என் செல்ல ராஜி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. நம் துவாரகாவுக்கு மெட்ரோ வந்துவிட்டது. கரோல் பாக் வரை நீ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டிப்போகும் தூரத்தை நான் இப்போது தூங்கிக்கொண்டே கடக்கிறேன். இப்படி நல்ல செய்தியாக நாலு எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. மனசு முழுக்கக் குமட்டுகிறது.

உன் வெள்ளைக் காரை அத்தான் கோவிலாக்கிவிட்டார். நீ கடைசியாக நிறுத்திய இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர்த்தவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பார். பொட்டு வைக்கத் தொட்ட பானட்டை ஒரு நாளாவது தூக்கிப் பார்த்தாரா? நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் காபியே குடிப்பாய்.

இந்த ஆயுத பூஜைக்கு உன் சீட்டில் இலை போட்டுப் பொரி, வெல்லம், சுண்டல் எல்லாம் படைத்தார். "அவளுக்கு வச்சது மாப்ளே, எடுக்கக் கூடாது" என்றார். நான் எடுக்கவில்லை. அப்படியே வைத்துப் பூட்டிவிட்டோம்.

சுண்டல் எத்தனை நாள் தாங்கும்? ஊசிப்போய் நூல் விட்டது. வாசனைக்கு எலி வந்தது. சீட்டுப் பஞ்சைப் பிய்த்து, பானட்டுக்குள் கூடு கட்டிக் குட்டியும் போட்டிருக்கிறது. அது பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்தது நாற்றம் மட்டும்தான். அதற்கு அத்தான் டாஷ்போர்டில் ஊதுபத்தி ஏற்றினார். அழுகலும் எலி மூத்திரமும் ஊதுபத்தியும் கலந்த அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அவரை மட்டும் சொல்லி என்ன? நான் யோக்கியனா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் வண்டியைக் கழுவ வருவதற்கு முன்பே, முன் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். தொட்டால் வழவழவென்று இருந்தது. பத்து வருடம் உன் பக்கத்து சீட்டில் வந்தவனுக்குத் தண்ணீர் எது, பிரேக் ஆயில் எது என்று தெரியாதா? "அத்தான், இங்க கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். பின்னாலேயே வந்து நின்றவர், "அங்கெல்லாம் கை வைக்காத மாப்ளே, அவ நிறுத்தின வண்டி" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, மேலே போய் அவர் வீட்டுப் பாயசத்தைக் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து பிரியாவின் பிறந்த நாள். உன் மகளுக்கு இப்போது லைசென்ஸ் இருக்கிறது அக்கா. அத்தான் திடுதிப்பென்று சாவியை அவள் கையில் கொடுத்தார். அவளே சீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்தாள். சக்கரத்து ஈரம் எனக்கு ஞாபகம் வந்தது. பிறந்த நாளும் அதுவுமாக, குழந்தை கிளம்பும்போது அபசகுனமாக எதையாவது சொல்வானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். "மெதுவா போ" என்று மட்டும் சொன்னேன்.

"அச்சா மாமா, ஒரே ரவுண்டு. இதோ வந்துடறேன்."

கேட்டைத் தாண்டியதும் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் கனகாவை உனக்குத் தெரியுமே, சேலத்துக்காரி. வண்டி அவள் மேஜையில் மோதி நின்றது. அவள் குதித்து விலகிவிட்டாள், ஆனால் இஸ்திரிப் பெட்டியின் கங்கு அவள் பாதத்தில் கொட்டிவிட்டது.

வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "எத்தினி தடவ பொட்டு வச்சீங்க சாரு, ஒருக்கா பிரேக்கப் பாத்தீங்களா?"

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொண்ணு புதுசு, தடுமாறிட்டா" என்றார் அத்தான். சொல்லிவிட்டு, திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பினார்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தான். ஓடாமல் கிடந்ததில் பிரேக் ரப்பர் குழாய் வெடித்து, ஆயில் பூராவும் ஒழுகியிருந்தது. ஆயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கின் வயரை எலி தின்றுவிட்டது. அவன் சொன்னதைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரியாகிட்ட சொல்லாத மாப்ளே. அவ அம்மா வண்டி மேலயே வெறுப்பு வந்துரும்."

நான் தலையாட்டினேன். பாழாய்ப்போன தலை.

அன்றிலிருந்து உன் மகள் தினமும் சாயங்காலம் களிம்பு எடுத்துக்கொண்டு கனகாவிடம் போகிறாள். "என் தப்புதான் கனகா தீதி, பிரேக்கை விட்டுட்டு வேற எதையோ மிதிச்சிட்டேன்" என்கிறாள். ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்கிறாள். உன் மகள், அக்கா! பக்கத்தில் இருந்து இதைக் கேட்டும் என் வாய் திறக்கவில்லை. என் மேல் எனக்கு வரும் அருவருப்பு, செத்த எலியைப் பார்த்தால்கூட வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரியாவுக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. இந்தக் காகிதம் மேஜையில் திறந்து கிடந்தாலும் அவளுக்கு ஒன்றும் புரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா. நாளைக் காலையில் அவளையும் அத்தானையும் எதிரே உட்கார வைத்து, வேப்பமரத்தடியில் கனகாவின் காதுக்கும் கேட்கிற மாதிரி, இதை ஒரு வரி விடாமல் நானே வாசிப்பேன்.

உன் கூடப் பிறந்த கோழை,
தம்பி சுந்தரம்