அப்பா கோழி செட்டு வரை நடந்தார்

என் சாமி தனப்பிரியா, உங்கப்பா இன்று காலை யார் கையையும் பிடிக்காமல் வாசலிலிருந்து கோழி செட்டு வரைக்கும் நடந்தே போய்விட்டார்!

இங்கே நாங்கள் சுகம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா நடந்ததை நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறேன், பாதி வீடியோவில் என் கட்டைவிரல்தான் தெரியும், என் சமையல் சேனலுக்கு அத்தனை வீடியோ எடுத்தவள் லட்சணம் இதுதான். போனில் முழுசாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக் கொஞ்ச நாளில் அவருக்குப் பாதம் மதமதவென்று இருந்திருக்கிறது, என்னிடம் மூச்சு விடவில்லை. கோழிகளுக்கு ஒரு சீக்கு வருமே, ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு விழுந்துவிடுமே, அதுதான் தனக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார். வெளியே தெரிந்தால் முட்டை லாரி வராது என்று பயம். செட்டுக்குள் போகுமுன் கால் நனைக்க மருந்துத் தண்ணீர் வைத்திருப்போமே, கிருமி சாகட்டும் என்று அதிலேயே போய்ப் போய் நின்றிருக்கிறார். கட்டிலைவிட்டு எழ முடியாமல் போன பிறகுதான் எனக்கே தெரியும். சேலத்து டாக்டரம்மா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கோழிச் சீக்கு மனுசருக்கு ஒட்டாதுங்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது, சளி, வயிற்றுப்போக்குக்குப் பிறகும் வரும், ஊசிக்குப் பிறகு லட்சக்கணக்கான பேரில் யாரோ ஒருவருக்கு வரலாம், இவருக்கு ஊசியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன், நீங்கள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம் என்றார். மழுப்பாமல் சொன்னதில்தான் எனக்குத் தைரியமே வந்தது. அப்புறம் மருந்து, அஸ்தம்பட்டியில் கால் பயிற்சி எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

அப்பாவுக்கு வந்ததைக் கேட்டுப் பயந்து நீ குட்டிக்கு ஊசியைத் தள்ளிப் போட்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், உங்கள் பக்கம் தட்டம்மை பரவுகிறதாமே. உன் மேல் கோபமில்லை கண்ணு, கண்ட வீடியோவெல்லாம் பார்த்துத் தலை சுற்றிப் போனவள்தான் நானும். அப்பாவிடம் இதைச் சொல்லாமலே வைத்திருந்தேன், இன்று செட்டில் அவர் நின்றதும் சொல்லிவிட்டேன். அவர் கோழிகளைக் கை காட்டினார். அந்தக் கால் நீட்டும் சீக்குக்குப் பொரித்த அன்றே ஊசி போட்ட குஞ்சைத்தானே நாம் வாங்குவோம். “ஊசி போடாத குஞ்ச நானு இந்த செட்டுக்குள்ள உட்டதே இல்ல. எம்பட பேரன மட்டும் சும்மா உட்ருவனா? எங்காலுக்கு வந்தத அவந்தலையில கட்ட வேண்டாம்னு புள்ளகிட்டச் சொல்லு” என்றார்.

தாத்தாவுக்கு வந்ததை அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல், சந்தேகமெல்லாம் கேட்டுக்கொண்டு குட்டிக்கு ஊசியைப் போடு. இவரும் அடுத்த காய்ச்சல் ஊசியை டாக்டரம்மாவைக் கேட்காமல் போடப் போவதில்லை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கோணும் சாமி. குட்டிக்குக் காதை மூடிக் குல்லாய் போட்டுவிடு. ஊசி போட்டதும் குட்டிப்பயலின் அழுத மூஞ்சியைக் குரூப்பில் போடு, அப்பா இப்போதே போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா
மலர்விழி