மொச்சைக்கு முகம் வீங்கிய கதை

பிப்ரவரி 10, திங்கள்

பஞ்சாயத்து ஜீப் இன்று கத்திக்கொண்டு போனது. புதன்கிழமை பால் சொசைட்டி முன்னால் நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடுகிறார்களாம். முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில். மொச்சை கேட் வரை ஓடிப்போய் இரண்டு மொழிக்கும் குரைத்துவிட்டு வந்தாள்.

நான் கூட்டிப் போவதாக இல்லை. குட்டியாக இருந்தபோது ஒரு முறை போட்டோம், அது போதும். ஊசி போட்டு வீடு வந்து சேர்வதற்குள் முகம் வீங்கிவிட்டது. கண் இரண்டும் உள்ளே போய், உதடு தொங்கி, என் மொச்சைதானா என்று இருந்தது. மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கொழிஞ்சாம்பாறையில் கிடையாது. பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். போன வருஷ முகாமுக்கு எங்கள் வீதியில் பாதி நாய் போகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிப்ரவரி 12, புதன்

மொச்சையை மோட்டார் ரூமில் விட்டுப் பூட்டினேன். கூடவே ஒரு தட்டு தயிர்ச்சோறு.

முகாம் முடிந்து மிருக ஆஸ்பத்திரி டாக்டர் ஜிஸ்மி வீட்டுக்கே வந்துவிட்டார். சின்னப் பெண், நன்றாகத்தான் பேசுகிறார். "சேச்சி, நாய் எங்க?" "தோட்டத்துக்குப் போயிருக்குதுங்க" என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்தா மோட்டார் ரூமிலிருந்து குரைக்க வேண்டும்! டாக்டர் சிரித்துவிட்டார். சில நாய்க்கு வீங்குமாம். முன்பே சொன்னால் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு ஊசி போடுவாராம், அரை மணி நேரம் கூடவே உட்கார்ந்து பார்ப்பாராம். தலையை ஆட்டினேன். அவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி முழுக்க அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போவது நானல்லவா?

சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து மகள் கிருத்திகா போனில் ஒரு பாட்டம் திட்டினாள். அவளிடம் போட்டுக்கொடுத்தது இவர்தான். என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு என்னிடம் நேராகச் சொல்ல வராத எல்லாம் மகள் வாயில் வரும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாட்டுக்குத் தண்ணீர் விளாவும்போது திடீரென்று புரிந்தது. கன்று போட்ட மாட்டுக்கே நாம் பச்சைத் தண்ணீர் காட்டுவதில்லை. முகாமில் என்ன செய்தார்கள்? ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குத்தினார்கள். அத்தனை குளிர்ச்சி நேராக உடம்புக்குள் போனால் நீர் கோக்காமல் என்ன செய்யும்? வீங்காமல் என்ன செய்யும்?

படித்தவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

பொள்ளாச்சி போய் மாட்டு மருந்துக் கடையில் வெறிநோய் ஊசி மருந்தை நானே வாங்கிவிட்டேன். கடைக்காரர் ஐஸ் கட்டி வைத்துக் கட்டிக்கொடுத்து, "ஊட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுருங்கக்கா" என்றார். சரி சரி என்று வாங்கிக்கொண்டேன்.

வந்ததும் ஐஸைக் கொட்டிவிட்டு, பாட்டிலைத் துணியில் சுற்றி வெந்நீர் அடுப்புத் திட்டில் வைத்தேன். கோழிக்குஞ்சை வைக்கிற இடம். மாட்டுக்கு ஊசி போட வருகிற ஜின்சன் இன்று வருவதாகச் சொல்லி வரவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜின்சன் சாயங்காலம்தான் வந்தார். "ஐஸ்ல வெச்சிருந்தது தானே அக்கா?" "ஆமாங்க" என்றேன். வாங்கும்போது ஐஸில்தானே இருந்தது. அவர் பாட்டிலைக் கையில் வாங்கியபோது வெதுவெதுப்பாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவசரத்தில் இருந்தார்.

ஊசி போட்டதிலிருந்து ராத்திரி வரை மொச்சையை மடியை விட்டு இறக்கவில்லை. வீக்கம் இல்லை! ஒரு பொட்டு வீக்கம் இல்லை! இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீயே டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் புள்ள" என்றார். கிண்டல்தான். இருந்தாலும் இன்றைக்கு எனக்கு இனித்தது.

மே 4, ஞாயிறு

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு நாய் தென்னந்தோப்புக்குள் வந்து மொச்சையின் காதைக் கடித்துவிட்டு ஓடியது. மஞ்சள் வைத்தேன். ஜிஸ்மி டாக்டரிடம் காட்டலாமா என்றார் இவர். எதற்கு? ஊசிதான் போட்டாயிற்றே.

ஜூன் 22, ஞாயிறு

மழை. மொச்சை சாப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், வருவதில்லை.

ஜூன் 23, திங்கள்

வாய் மூடவில்லை. எச்சில் ஒழுகுகிறது. தண்ணீர்ச் சட்டிக்குள் முகத்தை விடுகிறாள், விழுங்க முடியவில்லை.

"தொண்டைல எலும்பு சிக்கீருச்சாட்டருக்குது" என்று சொல்லி இவர் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். நான்தான் டார்ச் அடித்தேன். எலும்பு ஒன்றும் இல்லை. பல் கீறி இவர் விரலில் ரத்தம். வேட்டியில் துடைத்துக்கொண்டார். நானும் காலையில் அவள் வாயைத் துடைத்துவிட்டேன், இந்தக் கையால், அரிவாள்மணை வெட்டு ஆறாத இந்தக் கையால்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. எழுத மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜிஸ்மி டாக்டர் வந்தார். தள்ளி நின்றே பார்த்தார். "யாரும் பக்கத்துல போகாதீங்க" என்றார். குரலே வேறாக இருந்தது.

ஊசி போட்டாயிற்றே என்றேன். எப்போது, யார் போட்டது, மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள், நடுவில் ஏதாவது கடித்ததா என்று கேட்டார். சொன்னேன்.

"அடுப்புத் திட்டிலயா?"

தமிழ் புரியாதவர் மாதிரி இரண்டு தடவை கேட்டார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சூட்டுல அந்த மருந்து கெட்டுப்போகும் சேச்சி. கெட்டுச்சா இல்லையான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. காது கடிபட்ட அன்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவர் விரலைப் பார்த்ததும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், நிறுத்தவே விடாமல் கழுவச் சொன்னார். எனக்கும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அதற்குத்தான் இவர் — "இந்தக் கீறலுக்கெல்லாம் எதுக்குங்க ஊசி? மூஞ்சி வீங்கும்னு இவதான ஊரெல்லாஞ் சொன்னா?" சிரித்துக்கொண்டே சொன்னார்! என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை. ஐயோ, என்னத்தச் சொல்லி வெச்சிருக்கறன் நான்! "வீங்குனா வீங்கிட்டுப் போகுதுங்க! செத்துப் போவீங்க, தெரியுதுங்களா? செத்துப் போவீங்க!" என்று டாக்டர் முன்னால் கத்தினேன். அவர் காலையே பிடித்துவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் இப்படிக் கத்தி அவர் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் நான் கையை நீட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு. விரலைச் சுற்றி வேறொரு மருந்தும் குத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 25, புதன்

மொச்சை மோட்டார் ரூமில் இருக்கிறாள். நேற்றே டாக்டரின் ஆட்கள் கயிறு போட்டுக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான். பிராண்டுகிறாள். குரைப்பு அவள் குரைப்பு மாதிரி இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. கூப்பிட்டேன். பிராண்டுவது நின்றது.

மதியத்துக்கு மேல் சத்தமே இல்லை.

ஜூன் 26, வியாழன்

சோதனைக்குக் கொண்டுபோனார்கள். புதைக்கக்கூடக் கொடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

அதேதான், வெறிநோய்தான். டாக்டர் போனில் சொன்னார்.

கிருத்திகா வந்திருக்கிறாள். அவளும் திட்டவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. நான் பாசத்தில் செய்தேன் என்று கிருத்திகா சொல்கிறாள். பாசம் இல்லாமல் முகாமுக்கு இழுத்துப் போனவர்களின் நாயெல்லாம் வீதியில் வாலாட்டிக்கொண்டு திரிகிறது.

ஜூலை 9, புதன்

இவர் ராத்திரி தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குகிறதா என்று. "குடிச்சுட்டன் புள்ள, தூங்கு" என்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

பால் ஊற்றப் போனேன். ஜீப் மறுபடி வரப்போகிறதாம். எங்கள் வீதிக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து, "ஏனுங்கக்கா, நாய்க்கு மூஞ்சி வீங்கும்னு நீங்கதான சொன்னீங்க, கூட்டிட்டுப் போலாங்களா வேண்டாங்களா?" என்று கேட்டாள். பால் தூக்கைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு பேருக்கும் இன்று கடைசி ஊசி. சாயங்காலம் இவருக்குத் தோள் வீங்கி, தொட்டால் சுட்டது. காய்ச்சலும் கொஞ்சம் இருந்தது. ஐஸ் வைக்கட்டுமா என்று கேட்டேன். "அடுப்புத் திட்டுல வெக்காம இருந்தாச் சரி" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 23, புதன்

காலையில் பார்த்தேன். இவருக்கு வீக்கம் வடிந்துவிட்டது. மண்வெட்டி எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

குட்டியாக இருந்தபோது மொச்சைக்கும் மறுநாள் காலையிலேயே வடிந்துவிட்டது. எழுந்து வந்து என் முந்தானையைக் கடித்து இழுத்தாள், பழைய முகத்தோடு. அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

பால் ஊற்றும் நேரமாகிவிட்டது. அந்த வீதிக்காரி வரிசையில் நிற்பாள். இன்றைக்குக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.