பலிபீடத்துக்குப் போன சர்க்கரை

மோசல் கரை,
ஏப்ரல் 3, 1854

என் சாமியார் அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி. போன வருடம் நம் ஒயினை வாயில் வைத்ததுமே துப்பினானே ட்ரியர் வியாபாரி, அவனே இந்த முறை மறுகோப்பை கேட்டான்! அத்தனை பீப்பாயையும் பேசி முடித்துவிட்டான். கோடை முழுக்க மழை, திராட்சை பழுக்கவே இல்லை என்று ஊரே கைவிட்டது. நான் மட்டும் சாறு நொதிக்கும் முன்னால் பீட்ரூட் கிழங்குச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன். பிரெஞ்சுக்காரர்கள் ஐம்பது வருடமாகச் செய்வதுதானாம்! பிரேசிலுக்குப் பிழைக்கப் போகலாம் என்று கட்டி வைத்த மூட்டைகளை நானும் பிள்ளைகளும் கூத்தாடிக்கொண்டே அவிழ்த்தோம். போன வாரம் உனக்கு வந்தது அதில் முதல் பீப்பாய். ஈஸ்டர் பூசைக்கு வைத்துக்கொள்.

உன் லோனி

கோப்லென்ஸ்,
ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

என்ன காரியம் செய்தாய்! ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அதில்தானே வைத்தேன். ருசியாக இருக்கிறதே என்று மனதுக்குள் உன்னை மெச்சவும் செய்தேன். பலிபீடத்துக்கு வரும் ரசத்தில் திராட்சையைத் தவிர வேறெதுவும் கலக்கக் கூடாது. உன் வியாபாரிதான் இங்குள்ள கோவில்களுக்கெல்லாம் கொடுக்கிறவன். மறைமாவட்ட ஆயருக்கு எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் வியாபாரி உன் பீப்பாய்களைத் திருப்பிவிடுவான். இரண்டு நாளாகக் கடிதத்தைத் தொடங்குவதும் தாளைக் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

செவரின்

மோசல் கரை,
ஏப்ரல் 9

அண்ணா,

எழுது, தாராளமாக எழுது! நல்லதைச் சாமிக்குக் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். வியாபாரியிடமும் நான் எதையும் மறைக்கவில்லை. கூடவே இதையும் எழுது: வெயில் எங்களை மறந்து வருடங்கள் ஆகின்றன. பாதி ஊர் கப்பலேறிவிட்டது. துறையில் நின்று ஆசீர்வதித்து அனுப்பியது நீதான். அடுத்தது நானா?

இன்றைய படகில் வேறொரு பீப்பாய் வருகிறது. சர்க்கரை தொடாதது. முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் நீ புனிதனேதான்.

லோனி

கோப்லென்ஸ்,
ஏப்ரல் 17

என் லோனி,

ஈஸ்டர் பூசையில் கிண்ணத்தை உயர்த்திக் குடித்தேன். அம்மாடி, என்ன புளிப்பு! கண்ணில் நீர் பொங்கிவிட்டது. நான் உருகி அழுகிறேன் என்று முன்வரிசைப் பெண்களெல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். "நம்ம சாமியாருக்கு என்ன பக்திடி!" என்று வாசலில் ஒருத்தி சொன்னாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

வெளியே வந்ததும், பூசைக்கு வந்திருந்த வியாபாரியைப் பிடித்தேன். கோவிலுக்கு உன் புளிப்பு மட்டும், சர்க்கரை போட்டது சாப்பாட்டு மேசைக்கு, அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றேன். "ரெண்டையும் எடுத்துக்கறேன் சாமி, கோவிச்சுக்காதீங்க" என்றான். ஆயருக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

துறையில் நின்று கையசைத்தது போதும் லோனி. உன்னையும் ஏற்றி அனுப்பிவிட்டு வீடு திரும்பும் தெம்பு எனக்குக் கிடையாது. இங்கேயே இரு.

அண்ணன் செவரின்